கண்டனப் பாட்டுக்கு ஒரு ஏ.சி. அறை

பாட்டு எழுதி ஒரு பம்பை ஓட வைத்துவிடலாம் என்று நம்பியவன் எபிஃபானியோ மக்பனுவா. சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். பிற்பாடு அவனே சிரித்தான். அந்த நம்பிக்கை பிடித்து ஆட்டிய நாளில் அவனுக்கு வயது முப்பத்து நாலு. பகலில் மூன்று சக்கர வண்டி ஓட்டுவான், சனிக்கிழமைகளில் ராப் மேடை ஏறுவான். மேடைப் பெயர் 'தினிக்'. எங்கள் பாஷையில் முள். முள் குத்தினால் ஊர் அலறும், அலறினால் திரும்பிப் பார்க்கும், பார்த்தால் பம்பு ஓடும் என்பது அவன் போட்ட கணக்கு. கணக்கில் அவன் பள்ளிக்கூடத்திலேயே மட்டம்.

மலாலிம் நகரம் மனிலா வளைகுடா ஓரத்தில் கடலைவிட ஒரு முழம் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் வரும். மழை பெய்யாவிட்டால் கடல் பொங்கி வரும். தலாபா தெருவில் வருஷம் முழுக்கக் கணுக்கால் தண்ணீர், மழைக்காலத்தில் முட்டித் தண்ணீர். அந்தத் தெருவில்தான் எபிஃபானியோவின் மனைவி மாரிவிக் சாப்பாட்டுக் கடை நடத்தினாள். நாலு பெஞ்சு, ஆறு சட்டி. சாப்பிட வருகிறவர்கள் காலைத் தூக்கி எதிர் பெஞ்சில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகியிருந்தார்கள். தண்ணீர் அடுப்பைத் தொட்டால் மட்டும் கடை மூடல். அந்த வருஷம் ஜூனிலிருந்து பாதி நாள் மூடித்தான் கிடந்தது. இன்னொரு மழைக்காலம் இப்படிப் போனால் சட்டியை விற்றுவிட்டுத் தன் அக்காவோடு துணி தைக்கப் போய்விடுவேன் என்று மாரிவிக் சொல்லியிருந்தாள். அவள் சும்மா சொல்கிற ரகம் இல்லை.

இத்தனைக்கும் தெரு முனையிலேயே புத்தம் புது பம்பு நிலையம் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்பே கட்டி முடித்து, மின்சாரம் கொடுத்து, ஓட்டிப் பார்த்து, நன்றாக ஓடுகிறது என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். திறப்பு விழாதான் நடக்கவில்லை. மேயர் ஹெனரோசோவும் எம்.பி. ஹெர்மினியோவும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. விழா பேனரில் இடப்பக்கம் யார் முகம், வலப்பக்கம் யார் முகம் என்பதில் தகராறு. இடப்பக்கத்து முகம்தான் முதலில் கண்ணில் படும் என்று மேயர் சொன்னார். அதனால்தான் அது தனக்கு வேண்டும் என்று எம்.பி. சொன்னார். விழா நாளன்று காலையில் எல்லாம் ரத்து. வாசலுக்குக் குறுக்கே கட்டிய சிவப்பு ரிப்பன் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. நம் ஊரில் பாலமே கட்டியிருந்தாலும் ரிப்பன் வெட்டுகிறவரை படகில்தான் போவோம். அப்படி ஒரு மரியாதை.

எபிஃபானியோ இதைத்தான் பாடினான். தன் மூன்று சக்கர வண்டியின் கூரைமேல் ஏறி நின்று, முட்டித் தண்ணீர் பின்னணியில், கைபேசியில் எடுத்த பாட்டு:

*பம்பு வந்து நிக்குது, பட்டுத்துணி போத்துது,*
*பம்பு முன்ன நின்னு ரெண்டு பல்லு மட்டும் சிரிக்குது!*
*முட்டிவர தண்ணியில மூணு மாசம் நிக்கிறோம்,*
*மூஞ்சி எந்தப் பக்கமுன்னு முடிவாகக் காத்திருக்கோம்!*

பாட்டு பற்றிக்கொண்டது. ஜீப்னி வண்டி ஓட்டுநர்கள் போட்டார்கள், மீன் சந்தையில் போட்டார்கள், ஒரு கல்யாணத்தில்கூடப் போட்டார்கள். நாலாம் நாள் மேயர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, நாளைக் காலை பத்து மணிக்கு நகராட்சிக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எபிஃபானியோவுக்குப் பயம் இருந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். விலங்கு மாட்டிய கையை எப்படி உயர்த்தினால் படத்தில் நன்றாக வரும் என்று கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டான். பல் தேய்க்கும் பிரஷ், மாற்றுத் துணி, ஜெபமாலை எல்லாம் ஒரு பையில் போட்டான்.

"ஜெபமாலை எதுக்கு?" என்றாள் மாரிவிக். "பாட்டுல நீ போட்டிருக்கிற வார்த்தைக்கு மாதாவே யோசிப்பாங்க."

நகராட்சியில் விலங்கு இல்லை. வாசலில் மாலை போட்டார்கள். ஒரு தட்டு நிறைய பான்சித் நூடுல்ஸும் ஆரஞ்சு ஜூஸும் கொடுத்து உட்கார வைத்தார்கள். கலாசாரப் பிரிவின் தலைவி பெர்ஃபெக்தா லகுண்டினோ, எல்லோரும் 'மாம் பெர்ஃபெக்தா' என்று கூப்பிடுகிற அம்மாள், இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்த ஊர்ல என்ன பண்றாங்க தினிக்? விமர்சனம் பண்றவன உள்ள போடுறாங்க. அசிங்கம். நாங்களும் உங்கள உள்ளதான் போடப் போறோம், ஆனா ஏ.சி. ரூம்ல. உங்களுக்குன்னே ஒரு பிரிவு தொறந்திருக்கோம். ஆக்கபூர்வ கண்டனப் பிரிவு. மேயரே பேரு வெச்சாரு."

ஒரு பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது. அதில் மேயரின் முகம் முக்கால் பாகம், எபிஃபானியோவின் பெயர் கீழே கால் பாகத்தில். ஒரு எழுத்து தப்பு. பையிலிருந்த பிரஷ்ஷோடும் ஜெபமாலையோடும் வீடு திரும்பினான். சிறைக்குப் போகிறான் என்று வழியனுப்பிய தெருவே, அவன் பான்சித் பொட்டலத்தோடு வருவதைப் பார்த்தது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மறு வாரம் வேலைக்குச் சேர்ந்தான். வெள்ளைச் சட்டை, மார்பில் மேயரின் முகம். மேசைமேல் ஒரு பலகை: 'கண்டனக் கலைஞர், நிலை ஒன்று'. நிலை இரண்டுக்கு மூன்று வருஷம் ஆகுமாம். இனி புதிதாக எதைப் பாடினாலும் முதலில் படிவம் நிரப்ப வேண்டும். கண்டிக்கப்படுபவரின் பெயர், பதவி. கண்டனத்தின் காரம்: லேசு, நடுத்தரம், காட்டம். லேசு என்றால் மாம் பெர்ஃபெக்தாவே கையெழுத்துப் போடுவாள். நடுத்தரம் என்றால் வட்டாரத் தலைவரின் நன்னடத்தைச் சான்று வேண்டும். காட்டம் என்றால் கண்டிக்கப்படுபவரிடமே போய்ச் சம்மதக் கடிதம் வாங்கி, மூன்று பிரதி இணைக்க வேண்டும்.

எபிஃபானியோ பொது மருத்துவமனையில் படுக்கை இல்லாததைப் பற்றிக் காட்டமாக ஒன்று எழுதிக்கொண்டு போனான். மருத்துவமனைத் தலைவர் பாட்டைப் பொறுமையாகப் படித்து, இரண்டாம் அடியில் எதுகை இடறுகிறது என்று திருத்திக் கொடுத்தார். அவர் சொன்னதும் சரிதான். கையெழுத்து மட்டும் போடவில்லை. அப்புறம் அந்தப் படிவத்தைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினான். அதை 'லேசு' என்று வகைப்படுத்தி, அரை மணி நேரத்தில் அனுமதி கொடுத்து, படிவத்தின் பின்பக்கத்தில் அச்சடித்தும் விட்டார்கள்.

பம்புப் பாட்டுக்கு மட்டும் படிவம் தேவையில்லை, அது பாரம்பரியச் சொத்து என்று அறிவித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை நகராட்சி ஊழியர்கள் முற்றத்தில் ஜும்பா ஆடுவது அதற்குத்தான். 'முட்டிவர தண்ணியில' என்ற இடத்தில் வரிவசூல் பிரிவு முழுக்க முட்டியை மடக்கும். பம்பைத் தவிர ஊரில் திறந்த எல்லாவற்றுக்கும், பொதுக் கழிப்பறை, கூடைப்பந்துத் திடல், மேயரின் மாமியார் பெயரில் ஒரு விளக்குக் கம்பம், எல்லாவற்றுக்கும் தினிக் போனான். முதலில் ஜெபம், அப்புறம் தேசிய கீதம், நகர கீதம், அப்புறம் வந்திருக்கும் பெரியவர்களின் பெயரை நாற்பது நிமிஷம் வாசிப்பார்கள். அது முடிந்ததும் இடைவேளை நிகழ்ச்சியாக இவன் கண்டனம்.

மனசு உறுத்தாமல் இல்லை. உறுத்தும்போதெல்லாம் அவன் தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வான்: உள்ளே இருந்துதான் மாற்ற முடியும். உள்ளே குளிர்ச்சியாகவும் இருந்தது.

ஆகஸ்டைக் கண்டன மாதமாகக் கொண்டாடினார்கள். மேயர் மேடையேறிப் பேசிய பேச்சை ஊரே கேட்டது.

"இந்தப் பாட்ட நான் தெனமும் காலையில கேக்குறேன். அழுகை வருது. எங்க தாத்தா மேயரா இருந்தப்பவும் தலாபா தெருவுல முட்டித் தண்ணி. எங்கப்பா மேயரா இருந்தப்பவும் முட்டித் தண்ணி. என் காலத்துல அது தொடைக்கு ஏறிச்சா? ஏறல. அதே முட்டிதான். மூணு தலைமுறையா ஒரு குடும்பம் இத ஒரே அளவுல காப்பாத்தி வந்திருக்குன்னா, அதுக்குப் பேரு நிர்வாகம். அப்புறம், தினிக் தம்பி பாட்டுல என்னத் திருடன்னு சொல்லல. பல்லுன்னுதான் சொல்லியிருக்கு. அந்தப் பண்பாட்டப் பாராட்டணும்."

கூட்டம் கைதட்டியது. எபிஃபானியோவும் தட்டினான். தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று யோசித்தான்.

வீட்டில் ஒரு நாள் மாரிவிக், அவனுடைய வெள்ளைச் சட்டையை மேயரின் மூக்கில் கறை போகத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"பம்பு எப்ப ஓடும் பானியோ?"

"மேல பேசிக்கிட்டிருக்கேன்."

"யார்கிட்ட?"

மறுநாள் மாம் பெர்ஃபெக்தாவிடம் உண்மையிலேயே கேட்டான். அந்த அம்மாள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அண்ணன் தம்பி தகராறு தீர்ந்துவிட்டதாம், பேனரையே வட்டமாக அடிப்பது என்று முடிவாம். இவன் மனசுக்குள் குளிர்ந்த நேரத்தில் அவள் அடுத்ததைச் சொன்னாள். பாட்டை அகில தேசிய சமூக விமர்சனப் பாடல் போட்டிக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடைசி மூன்றில் வந்துவிட்டது. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி மனிலாவிலிருந்து மூன்று நடுவர்கள் வருகிறார்கள். பாட்டில் சொன்னது உண்மையா என்று தெருவிலேயே வந்து பார்ப்பார்களாம்.

"இப்பப் போயி பம்ப ஓட்டினா தண்ணி வடிஞ்சிரும். தண்ணி வடிஞ்சா பாட்டு பொய்யாயிரும். உங்க பாட்டு தினிக், பொய்யாகலாமா? பன்னெண்டாந்தேதி வரைக்கும் தெரு அப்படியே இருக்கட்டும். கோப்பை வந்ததும் தொறந்திருவோம்."

எந்தப் பம்புக்காகப் பாட்டு எழுதினானோ, அந்தப் பாட்டுக்காக அந்தப் பம்பு நிற்க வேண்டும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. எபிஃபானியோ அந்த நிமிஷமே எழுந்து மேசையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். அவன் என்ன செய்தான் என்றால், கோப்பை எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டான். முழங்கால் உயரம் என்றாள். இன்னும் மூன்று வாரம்தானே, எட்டு மாதம் பொறுத்த தெரு மூன்று வாரம் பொறுக்காதா என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டு போனான். மாரிவிக்கிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் தனக்கே அது எப்படிக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் தேதிக்கு முந்தைய இரண்டு நாளும் விடாத மழை. கடலேற்றமும் சேர்ந்துகொண்டது. அன்று காலை அவன் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது தண்ணீர் அடுப்புக்குள் போய், சோறு வெந்துகொண்டிருக்கும்போதே தீ அணைந்தது. மாரிவிக் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்தபடி நின்றாள். எபிஃபானியோவுக்குச் சங்கடமாக இருந்தது. சட்டென்று, அட, நடுவர்கள் பார்க்க நல்ல ஆழம் என்றும் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியதற்காக அவன் இன்றுவரை தன்னை மன்னித்ததில்லை.

நகராட்சி மண்டபத்தில் ஜெபம், கீதம், பெரியவர்கள் பெயர் எல்லாம் முடிந்து, அவன் பாடினான். உண்மையிலேயே நன்றாகப் பாடினான். நடுவர்களில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூவருக்கும் மேயர் முகம் போட்ட ரப்பர் பூட்ஸ் மாட்டிவிட்டு, வேனில் ஏற்றித் தலாபா தெருவுக்குக் கூட்டிப்போனார்கள். பின்னாலேயே மேயர் கார், எம்.பி. கார், நிருபர்கள்.

தெரு காய்ந்து கிடந்தது.

முழுக்கக் காயவில்லை, சேறு மினுங்கியது. ஆனால் தண்ணீர் இல்லை. ஜனங்கள் வாசலில் நாற்காலி போட்டுச் செருப்போடு உட்கார்ந்திருந்தார்கள். தெருவுக்கு நடுவில் கோழி ஒன்று மேய்ந்தது. தெரு முனையிலிருந்து குடுகுடுவென்று ஒரே சீராக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. எட்டு மாதமாக அவன் கேட்க ஆசைப்பட்ட சத்தம்.

"எந்த நாசமாப் போறவன்டா அதப் போட்டது?" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது எபிஃபானியோதான்.

நடுவர்கள் ரப்பர் பூட்ஸோடு கோழியைப் பார்த்தார்கள். மேயர் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தார். தன்னை மீறி மற்றவர் ரகசியமாகத் திறந்துவிட்டார் என்று இருவருமே நினைத்திருக்க வேண்டும். மாம் பெர்ஃபெக்தா எபிஃபானியோவின் காதருகே வந்து, நடுவர்களுக்கு நான் ஜூஸ் கொடுத்து அரை மணி நேரம் பிடித்து வைக்கிறேன், நீ ஓடிப்போய் அதை நிறுத்தச் சொல், கடலேற்றம் இருக்கிறது, பத்து நிமிஷத்தில் கணுக்கால் வரைக்குமாவது வந்துவிடும் என்றாள். அவன் ஓடினான். வெட்கம் கெட்டவன், ஓடத்தான் ஓடினான். வழியில் ஒரு கிழவர் அவன் கையைப் பிடித்து, உன் பாட்டு ஜெயிச்சிருச்சு என்று கண் கலங்கினார். கையை உதறிக்கொண்டு ஓடினான்.

பம்பு நிலைய வாசலில், ரிப்பனுக்கு அந்தப் பக்கம், மாங் துர்சோ என்ற பெரியவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பம்பை இயக்குவதற்கென்று நியமித்து, எட்டு மாதமாக இயக்காத பம்புக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும் மனிதர். அவரைப் பற்றி எபிஃபானியோ ஒரு வரிகூடப் பாடியதில்லை. அப்படி ஒருவர் இருக்கிறார் என்றே அவனுக்குத் தெரியாது. அவனைக் கண்டதும் அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"வாங்க சார். நான் துர்சோங்க. நகராட்சியிலருந்துங்களா?"

எபிஃபானியோ குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். மேயர் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க," என்றான்.

"நிறுத்தணுமா சார்? ஏதும் உத்தரவா?"

பம்பு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கேட்டபோது அந்தச் சத்தம் இன்னும் நன்றாக இருந்தது.

"இல்ல மாங் துர்சோ," என்றான். "ஓடுதான்னு பாக்க வந்தேன்."

"நல்லா ஓடுது சார். காபி குடிக்கிறீங்களா?"

குடித்தான். திரும்பிப் போனபோது நடுவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். மூன்று ஜோடி பூட்ஸ் மட்டும் சேற்றில் வரிசையாக நின்றன. பாட்டு உருக்கமானது, ஆனால் கள நிலவரத்துக்கு மாறானது என்று எழுதிப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்களாம். ஒரு வாரத்துக்குள் நகராட்சியிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது: நன்றாக ஓடும் பம்பைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்பியதாக. பாட்டு உண்மையாக இருந்த காலம் பூராவும் ஜும்பா ஆடினார்கள். பொய்யான முதல் வாரமே நோட்டீஸ் விட்டார்கள். 'கண்டனக் கலைஞர், நிலை ஒன்று' பலகையையும் ஏ.சி. அறைச் சாவியையும் ஒப்படைக்கும்படி அதே கடிதத்தில் எழுதியிருந்தது.

அதெல்லாம் பிறகு. அன்று மதியம் அவன் வீட்டுக்குப் போனபோது மாரிவிக் கடையிலிருந்து சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் இன்னொரு துடைப்பத்தை நீட்டினாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் சேற்றை வாசல்வரைக்கும் தள்ளினார்கள்.

"பம்ப யாரு போட்டாங்க?" என்று கேட்டான், தெரியாதவன் மாதிரி.

"மாங் துர்சோ."

"அவரே போட்டாரா?"

"நான் போயி கேட்டேன். அடுப்பு அணைஞ்சு போச்சு, கொஞ்சம் போடுங்களேன்னு. சரிம்மான்னு போட்டாரு. எட்டு மாசமா யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தாராம். எல்லாரும் வெளிய நின்னு பாட்டுப் பாடிட்டுப் போறாங்கன்னாரு."

எபிஃபானியோ துடைப்பத்தை நிறுத்தினான்.

"அந்த ரிப்பன்?"

"எந்த ரிப்பன்?"

"வாசல்ல குறுக்க கட்டியிருக்கே, செவப்பு ரிப்பன். அத வெட்டாம எப்படி உள்ள போன?"

மாரிவிக் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி, துடைப்பத்தைப் பிடித்தபடியே இடுப்பை மடக்கிக் காட்டினாள்.

"குனிஞ்சு."

சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.